பௌர்ணமி கழிந்த ஐந்தாம் இரவு

ஆஸ்திரேலியக் கடலுக்குள் நான் முதன்முதலாக இறங்கியது ஒரு பிப்ரவரியில். சிங்கப்பூர் வழியாகக் கெய்ன்ஸ் செல்ல டிக்கெட் மலிவாகக் கிடைத்தது. அலுவலகத்தில் பத்து நாள் விடுப்பும் கிடைத்தது. அந்த இரண்டைத் தவிர வேறெதையும் நான் யோசிக்கவில்லை. கெய்ன்ஸில் தங்கியிருந்த ஐந்து நாளும் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. இரண்டு நாள் படகு கிளம்பவேயில்லை. மூன்றாம் நாள் கிளம்பி, இரண்டு மணி நேரம் அலை தூக்கித் தூக்கிப் போட்டு, பாதிப் பேர் வாந்தியெடுத்து ஓய்ந்தபின், வெளிப்பாறை ஒன்றின் அருகே மிதவையில் படகைக் கட்டினார்கள். நீருக்குள் பத்து மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பவளம் இருந்தது, மீன் இருந்தது, ஆமை ஒன்றுகூட வந்தது. எல்லாமே ஆவி படிந்த கண்ணாடிக்குப் பின்னால் நடப்பது போல இருந்தது. பல வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது.

அன்றிரவு பிரிஸ்பேனில் இருக்கும் அக்காவுக்குப் போன் செய்தேன். "எலே, ஒரு வார்த்தை எங்ககிட்ட கேட்டுட்டு டிக்கெட் போட்டிருக்கக் கூடாதா?" என்று ஆற்றாமையோடு சொல்லிவிட்டு, போனை அத்தானிடம் கொடுத்தாள். இருபது வருடமாக அந்தக் கடலில் மூழ்கி எழுகிறவர் அவர். "மாப்ளே, ஆஸ்திரேலியாவுக்கு எப்ப வரலாம்னு கேக்காதீங்க. எதைப் பாக்கணும்னு முதல்ல முடிவு பண்ணுங்க. எந்த மாசம், எந்த ஊருன்னு அதுவே சொல்லும்" என்றார்.

நான் தூத்துக்குடிக்காரன். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றின் பெயரை வைத்தே எங்கள் பக்கத்து மீனவர்கள் கடலின் குணத்தைச் சொல்வார்கள். முத்துக்குளிப்பு நடந்த காலத்திலும் கடல் அடங்கிக் கிடக்கும் பங்குனி, சித்திரை நாட்களைப் பார்த்துத்தான் முத்துப்பாருக்குப் படகுகள் போயின. அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவன் காற்றையும் கேட்கவில்லை, மழையையும் கேட்கவில்லை. அத்தான் சொன்ன அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த மூன்று பயணங்களையும் திட்டமிட்டேன்.

முதலில் பிப்ரவரியில் என்ன தவறு என்று சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவின் வடபகுதியில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை புயல் பருவம். கெய்ன்ஸில் ஆண்டுக்குச் சுமார் 2,000 மி.மீ. மழை, அதில் பெரும்பங்கு டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் பெய்துவிடுகிறது. ஆறுகள் மண்ணைக் கரைத்துக் கொண்டுவந்து கடலில் சேர்க்கின்றன. யாசி என்ற ஐந்தாம் வகைப் புயல் மிஷன் பீச் அருகே கரை கடந்தது 2011 பிப்ரவரி 3 அன்று. கரையோர நீரில் சொறி எனப்படும் ஜெல்லிமீன்கள் நடமாடுவதும் ஏறக்குறைய இதே மாதங்களில்தான். பெட்டிச் சொறி கொட்டினால் சில நிமிடங்களில் உயிர் போகலாம். இன்னொன்று நகக்கண் அளவே இருக்கும் இருக்கண்ட்ஜி. மீனவர்களையும் குளிக்க வந்தவர்களையும் படுக்கையில் தள்ளிய வேதனைக்குக் காரணம் அந்தச் சின்னஞ்சிறு உயிர்தான் என்று நிரூபிக்க, ஜாக் பார்ன்ஸ் என்ற கெய்ன்ஸ் மருத்துவர் 1961ல் அதைத் தன் உடலிலும், ஒன்பது வயது மகன் உடலிலும், உயிர்காப்பாளர் ஒருவர் உடலிலும் கொட்டவிட்டார். மூவரும் மருத்துவமனைக்குப் போய்ப் பிழைத்து வந்தார்கள். சொறி கொட்டிய இடத்தில் ஊற்ற, இன்றும் அந்தக் கடற்கரைகளில் கம்பத்தில் வினிகர் பாட்டில் தொங்குவதைப் பார்க்கலாம். வெளிப்பாறைகளில் சொறி குறைவு. ஆனாலும் தலைமுதல் கால்வரை லைக்ரா உடை இல்லாமல் அந்த மாதங்களில் பெரும்பாலும் யாரையும் நீரில் இறக்குவதில்லை.

இதைவிட வருத்தம் தருவது வேறொன்று. கடல் நீர் மிகச் சூடாக இருப்பதும் இதே பிப்ரவரி, மார்ச்சில்தான். சூடு தாங்காத பவளம் தன்னுள் குடியிருக்கும் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகிறது. கிரேட் பேரியர் ரீஃபில் 1998, 2002, 2016, 2017, 2020, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் பெருமளவு வெளுப்பு நிகழ்ந்தது. 2025ன் தொடக்கத்தில் கிழக்கே அதுவும், மேற்கே நிங்கலூ பவளப்பாறையும் ஒரே கோடையில் வெளுத்தன. சூடு தணிந்தால் சில பவளங்கள் மீள்கின்றன, சில மீள்வதில்லை. பருவம் பார்த்துப் போகும் நாம் இந்தக் கணக்கையும் அறிந்து போவது அந்தக் கடலுக்குச் செய்யும் மரியாதை.

கிரேட் பேரியர் ரீஃப் 2,300 கிலோமீட்டர் நீளமானது. அதில் ஏறக்குறைய 3,000 தனித்தனிப் பாறைகள் இருக்கின்றன. அது அந்தக் கண்டத்தின் ஒரு கரை மட்டுமே. மேற்கே இந்தியப் பெருங்கடல், தெற்கே குளிர்ந்த தென்கடல், தென்கிழக்கே சிட்னி, டாஸ்மேனியா. வடக்கே கடல் வெதுவெதுப்பாக இருக்கும் அதே நாளில் தெற்கே விரல் விறைக்கும். நம் ஆடி அவர்களுக்கு நடுக்குளிர்காலம். மார்கழி அவர்களுக்குக் கோடை. மே முதல் அக்டோபர் வரை கெய்ன்ஸ் பக்கம் மழை ஓய்ந்திருக்கும், ஆனால் தென்கிழக்குக் காற்று விடாது வீசும். ஜூலையில் நீர் 23 டிகிரிக்கு இறங்கும். அந்தக் காற்றையும் பொறுத்துக்கொண்டு ஜூன், ஜூலையில் ஆட்கள் வருவதற்கு ஒரு காரணம் உண்டு. ரிப்பன் ரீஃப் பகுதிக்குக் குள்ள மிங்கி திமிங்கலங்கள் வருகிற மாதங்கள் அவை. படகிலிருந்து நீளமாக ஒரு கயிற்றை மிதக்கவிடுவார்கள். மனிதர்கள் அதைப் பிடித்துக்கொண்டு மிதக்க வேண்டும், துரத்திப் போகக் கூடாது. வருவதா வேண்டாமா என்று முடிவு செய்வது திமிங்கலம். அவை வருகின்றன. அத்தான் அந்தக் கயிற்றில் தொங்கிய நாளைப் பற்றிப் பேசும்போது இன்றும் குரல் தாழ்ந்துவிடும்.

என் இரண்டாம் பயணம் ஒரு ஜூனில். கெய்ன்ஸ் பக்கமே போகவில்லை. அடிலெய்டில் இறங்கி, ஏறக்குறைய 390 கிலோமீட்டர் கார் ஓட்டி, ஸ்பென்சர் வளைகுடாவின் தலைமாட்டில் இருக்கும் வயாலா என்ற எஃகு ஆலை நகரத்துக்குப் போனேன். நகரைத் தாண்டினால் ஸ்டோனி பாயிண்ட். மரமில்லாத, சிவந்த, வறண்ட நிலம். அப்படியே கடலில் போய் முடிகிறது. படகு வேண்டாம், கல்லில் கால் பதித்து நடந்தே இறங்கலாம். ஆழம் இரண்டு மூன்று ஆள்தான். ஆனால் நீர் 13 டிகிரி. ஏழு மில்லிமீட்டர் உடை, தலைமூடி, கையுறை எல்லாம் போட்டும் முதல் நிமிடம் நெற்றியில் ஆணி இறங்குவது போல வலித்தது. மன்னார் வளைகுடாவின் வெதுவெதுப்பில் வளர்ந்த உடம்பு.

பிறகு வலி மறந்துபோனது. எங்கு திரும்பினாலும் கணவாய்.

நாம் கறி வைக்கிற கணவாயின் இனம்தான். ஆனால் இது உலகின் மிகப் பெரிய கணவாய், ஒரு மீட்டர் வரை வளரக்கூடியது. மே முதல் ஆகஸ்ட் வரை பல்லாயிரக் கணக்கில் அந்தக் கரையோரம் வந்து கூடுகிறது. வளைகுடாவின் தரை பெரும்பாலும் மணலும் சேறும். முட்டைகளைப் பத்திரமாக ஒட்டிவைக்கத் தட்டையான கற்கள் கிடைப்பது அந்தச் சிறு நீளத்தில்தான். ஆண்களே அதிகம், பெண்கள் குறைவு. பெரிய ஆண்கள் இரண்டு எதிரெதிரே நின்று உடம்பை விரித்து, வரிகளை அலையலையாக ஓடவிடுகின்றன. ஊதா, வெள்ளி, கறுப்பு என்று நொடிக்கு நொடி நிறம் மாறுகிறது. அத்தனை நிறம் காட்டும் அந்த உயிருக்கு நிறம் பிரித்துப் பார்க்கும் கண் இல்லை. அதற்குள் சின்ன ஆண் ஒன்று கைகளை மடக்கி, பெண்ணின் நிறத்தைப் பூசிக்கொண்டு, காவல் நிற்கும் பெரியவனின் கண்முன்னாலேயே அவன் துணையிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நான் ஒரு கல்லுக்கு அருகே இருபது நிமிடம் அசையாமல் கிடந்து இதைப் பார்த்தேன். என்னை அவை பொருட்படுத்தவேயில்லை. ஒரு பெண் கணவாய் என் கையுறைக்கு ஒரு முழ தூரத்தில், கல்லின் அடிப்புறத்தில், எலுமிச்சை வடிவில் வெண்முட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டிவிட்டுப் போனது. இனப்பெருக்கம் முடிந்ததும் இரண்டுமே இறந்துவிடும். குஞ்சுகள் வெளிவரும்போது பெற்றோர் யாரும் இருக்க மாட்டார்கள்.

1990களின் பிற்பகுதியில் மிகையாகப் பிடித்துக் குவித்ததால் அங்கே பிடிக்கத் தடை வந்தது. 2013ல் எண்ணிக்கை பதின்மூன்றாயிரம் அளவுக்குச் சரிந்து, 2020ல் இரண்டரை லட்சத்தை நெருங்கியது. 2025ல் தெற்கு ஆஸ்திரேலியக் கரையில் நச்சுப்பாசி பெருகி மீன்கள் செத்து ஒதுங்கியபோது, அந்தப் பாறைகளில் இருந்த முட்டைகளைக் காக்கக் கடலுக்கடியில் காற்றுக்குமிழித் திரை அமைத்தார்கள். குளிரைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்றால், ஆஸ்திரேலியாவில் நீங்கள் பார்க்க வேண்டிய முதல் இடமாக நான் சொல்வது வெதுவெதுப்பான பவளக்கடலை அல்ல, இந்த வயாலாவைத்தான்.

குழந்தைகளோடு போகிறவர்கள் நிலைமை வேறு. நமக்கு விடுமுறை ஏப்ரல், மேயில்தான். அந்த மாதங்களுக்கென்றே அமைந்தது போன்ற இடம் மேற்குக் கரையின் நிங்கலூ. பெர்த்திலிருந்து லியர்மந்த்துக்கு இரண்டு மணி நேர விமானம். அங்கிருந்து எக்ஸ்மவுத் அரை மணி. சிங்கப்பூரிலிருந்து பெர்த்துக்கு ஐந்து மணி நேரம்தான் என்பதால் சென்னையிலிருந்து போகிறவர்களுக்குக் கெய்ன்ஸைவிட இது பக்கம். 2011ல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட இந்தப் பாறை கரையை ஒட்டியே ஓடுகிறது. சில இடங்களில் மணலிலிருந்து நீந்தியே பவளத்துக்குப் போய்விடலாம். மார்ச், ஏப்ரலில் பவளங்கள் முட்டை விடுகின்றன. நுண்ணுயிர்கள் பெருகி, இரை தேடித் திமிங்கலச் சுறாக்கள் வருகின்றன. ஜூலை வரை அவற்றைக் காணலாம்.

ஒரு மே மாதம் பதினான்கு வயது மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். மேலே சிறு விமானம் ஒன்று சுற்றிச் சுறாவைத் தேடும். கண்டதும் படகுக்குத் தகவல் வரும். ஒரு நேரத்தில் பத்துப் பேருக்கு மேல் நீரில் இறங்கக் கூடாது, உடம்புக்கு மூன்று மீட்டரும் வாலுக்கு நான்கு மீட்டரும் விலகியிருக்க வேண்டும், தொடக் கூடாது. சிலிண்டர் கிடையாது, முகக்கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மட்டும். முதுகெங்கும் வெண்புள்ளிகளோடு ஒரு பஸ் நீளத்துக்கு அது எங்களைக் கடந்து போனது. மகள் தலையை வெளியே எடுத்ததும், "அப்பா, அது முதுகுல வானம் இருக்கு" என்று கத்தினாள். அவளுக்குத் தெரியாமலே சொன்ன உண்மை அது. அந்தப் புள்ளிகளின் அமைப்பு ஒவ்வொரு சுறாவுக்கும் வேறு. நட்சத்திரப் படங்களை ஒப்பிட வானியலாளர்கள் பயன்படுத்திய கணக்குமுறையை வைத்தே சுறாக்களை அடையாளம் காணும் வழியை, நிங்கலூவில் ஆய்வு செய்த பிராட் நார்மனும் இரண்டு அமெரிக்கர்களும் 2005ல் வெளியிட்டார்கள். இதை அன்று இரவு அவளுக்குச் சொன்னேன். தூங்கவிடாமல் கேள்வி கேட்டாள்.

பிரிஸ்பேனுக்கு வேறு வேலையாகப் போகிறவர்கள் ஒரு நாளை ஒதுக்கிப் பைரன் பேயின் ஜூலியன் ராக்ஸுக்குப் போகலாம். ஒரே பாறை, கோடையில் சிறுத்தைச் சுறாக்களும் யானைத் திருக்கைகளும், குளிர்காலத்தில் கிரே நர்ஸ் சுறாக்களும் தங்கும். டாஸ்மேனியாவில் குளிர்கால நீர்தான் மிகத் தெளிவு என்பார்கள். உலர் உடையில் பழகியவர்களுக்கான இடம் அது.

சில காரியங்களை இங்கேயே முடித்துக்கொண்டு போவது நல்லது. ஓப்பன் வாட்டர் சான்றிதழைப் புதுச்சேரியிலோ அந்தமானிலோ வாங்கிவிட்டால் அங்கே வகுப்பில் கழியும் நான்கைந்து நாள் மிச்சம். அது 18 மீட்டர் வரைக்குத்தான். ஆழத்தில் கிடக்கும் கப்பல் சிதைவுகளைப் பார்க்க ஆசையிருந்தால் 30 மீட்டருக்கான அட்வான்ஸ்டு படிப்பையும் சேர்த்து முடித்துவிடுங்கள். குயின்ஸ்லாந்தில் உடல்நிலை பற்றிய படிவம் கேட்பார்கள். ஆஸ்துமா, இதய நோய், நீரிழிவு, தினமும் சாப்பிடும் மாத்திரை எதையும் மறைக்காதீர்கள். முன்கூட்டியே மருத்துவர் சான்று வாங்கிச் செல்லுங்கள். கடைசி முழுக்குக்கும் விமானத்துக்கும் இடையே ஒரு முழு நாள் விடுங்கள். படகில் ஒன்றுக்கு இரண்டு தடவை தலை எண்ணி, கையெழுத்தும் வாங்குவார்கள். எரிச்சல் வேண்டாம். 1998 ஜனவரியில் ஒரு படகு அமெரிக்கத் தம்பதியை நடுக்கடலில் விட்டுவிட்டுக் கரைக்குத் திரும்பியது. இரண்டு நாள் கழித்தே அது தெரியவந்தது. அவர்கள் கிடைக்கவேயில்லை. அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் இந்த எண்ணிக்கை இவ்வளவு கறாரானது.

நான்காம் பயணத்துக்கு எங்கள் வீட்டு அடுக்களையில் தொங்கும் தினசரிக் காலண்டரே போதுமானதாக இருந்தது. ஐப்பசி, கார்த்திகையில் பௌர்ணமி என்றைக்கு என்று பார்த்தேன். கிரேட் பேரியர் ரீஃபின் பவளங்கள் பெரும்பாலும் நவம்பர்ப் பௌர்ணமி கழிந்த நான்காம், ஐந்தாம், ஆறாம் இரவுகளில் முட்டை விடுகின்றன. கரையை ஒட்டிய பாறைகள் ஒரு மாதம் முந்தலாம்; பௌர்ணமி மாதத் தொடக்கத்திலேயே வந்துவிட்டால் சில பவளங்கள் டிசம்பர் வரை காத்திருக்கும். செப்டம்பரிலிருந்தே காற்று தணிந்து, நீர் தெளிந்து, மழைக்காலம் தொடங்கும் முன் கடல் கண்ணாடியாகக் கிடக்கும் நாட்களும் இந்த நவம்பரில்தான் வருகின்றன. அத்தானும் சேர்ந்துகொண்டார்.

முதலில் டவுன்ஸ்வில் பக்கம் போய் யாங்கலாவைப் பார்த்தோம். 1911 மார்ச் 23 அன்று புயலில் மூழ்கிய கப்பல். மக்காய் அருகே புயல் எச்சரிக்கை வந்தபோது கப்பல் பார்வையைத் தாண்டிப் போயிருந்தது. அதில் கம்பியில்லாத் தந்தி இல்லை. 122 பேரும் போனார்கள். பல பத்தாண்டுகள் கழித்துத்தான் சிதைவு இன்னதென்று உறுதியானது. 109 மீட்டர் நீளக் கப்பல் முப்பது மீட்டர் ஆழ மணலில் வலப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. உள்ளே நுழைய அனுமதி இல்லை, அது கல்லறை. சுற்றிலும் மணல்வெளி என்பதால் கடலின் உயிர்கள் எல்லாம் அந்த இரும்பில் வந்து ஒண்டியிருக்கின்றன. மாட்டுக்கன்று அளவுக் களவா ஒன்று கப்பலின் நிழலில் அசையாமல் நின்றது. திறந்த கடல், நீரோட்டம் பலம். காற்று அடங்கிய மாதத்தைத் தேர்ந்தெடுக்காமல் அங்கே போவதில் அர்த்தமில்லை.

பிறகு கெய்ன்ஸ். மழை இல்லாத கெய்ன்ஸை அப்போதுதான் பார்த்தேன். இரவு தங்கும் படகில் வெளிப்பாறைக்குப் போனோம். பௌர்ணமி கழிந்த நான்காம் இரவு இறங்கினோம், ஒன்றும் நடக்கவில்லை. ஐந்தாம் இரவு எட்டு மணிக்கு மேல் மறுபடி இறங்கினோம். நீர் 27 டிகிரி. பவளங்கள் கூட்டமாக முட்டை விடுவதை அறிவியல் உலகம் அறிந்தது 1981ல்தான். மேக்னெட்டிக் தீவில் இரவில் மூழ்கிக் காத்திருந்த ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்து இளம் ஆய்வாளர்கள் கண்டார்கள். அதுவரை பெரும்பாலான பவளங்கள் குஞ்சைத் தமக்குள்ளேயே வளர்த்து வெளிவிடுவதாகத்தான் நம்பியிருந்தார்கள். இத்தனை காலம் அத்தனை பெரிய காரியம் இருட்டில் நடந்து முடிந்துகொண்டிருந்திருக்கிறது.

அத்தான் என் தோளைத் தட்டி விளக்கை ஒரு மான்கொம்புப் பவளத்தின் மேல் காட்டினார். ஒவ்வொரு சிறு வாயிலும் கேழ்வரகு அளவில் ஓர் இளஞ்சிவப்பு மணி முட்டிக்கொண்டு நின்றது. அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு ஒரு மணி கழன்று மேலே போனது. இன்னொன்று. அடுத்த கணம் கிளை முழுவதும் அவிழ்ந்தது. பக்கத்துப் பாறையும், அதற்கடுத்ததும். மழை தரையிலிருந்து வானத்துக்குப் பெய்வதுபோல எல்லாம் மேல்நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. சின்ன மீன்கள் வாய் கொள்ளாமல் தின்றன. தின்னத் தின்னத் தீரவில்லை. நீர் அடர்ந்து, விளக்கின் ஒளி ஒரு கை தூரத்துக்கு மேல் போகவில்லை. என் முதல் பயணத்தைப் போலவே அன்றும் கண் தெரியவில்லை. முகக்கண்ணாடிக்குள் நான் அழுதுகொண்டிருந்தேன்.

மேலே வந்தபோது கடல் முழுக்கப் பச்சை வாடை, மீன் வலை உலர்த்துகிற கரையின் வாடை போல. எங்கள் தலைமுடியிலும் காதிலும் இளஞ்சிவப்புக் குருணை. உடையைக் கழற்றி நல்ல தண்ணீர்த் தொட்டியில் போடப் போனேன்.

"இருங்க மாப்ளே" என்றார் அத்தான். என் உடையைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, படகின் பின்தட்டில் மண்டியிட்டு, இரண்டு பேர் உடையையும் மடிப்பு மடிப்பாக விரித்துக் கடல் நீரிலேயே ஒரு தடவை அலசினார்.